எலித்தெள்ளும் 1914 ஆம் ஆண்டுக் கொழும்பும்

எலி என்றதும் நம் நினைவுக்கு வருவது அது துளைத்த அரிசி மூட்டைதான். அதன் மயிருக்குள் மறைந்து வாழும் தெள்ளைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. ஆனால் 1896 இல் பம்பாயில் தொடங்கிய பிளேக், அடுத்த சில பதிற்றாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானோரைப் பலிகொண்டபோது, அந்நோயை வீடு வீடாகச் சுமந்து சென்றது இந்தச் சிறு பூச்சியே.

இதை முதலில் கண்டறிந்தவர் போல் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர். 1898 இல் கராச்சியில் அவர் செய்த பரிசோதனை மிக எளிமையானது. நோயுற்ற எலி ஒன்றைத் தெள்ளுகளுடன் கண்ணாடிச் சாடியில் இட்டார். அது சாகும் தறுவாயில், நலமான வேறோர் எலியைக் கம்பிக்கூட்டில் அடைத்து அதே சாடிக்குள் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொடவே இயலாது. எனினும் இரண்டாவது எலியும் சில நாட்களில் பிளேக் கண்டு மாண்டது. தெள்ளுகள் இல்லாமல் செய்தபோது நோய் பரவவில்லை. அறிஞர் உலகமோ இதை ஏற்க மறுத்தது. 1905 இன் பின்னர் பம்பாயில் பிளேக் ஆணைக்குழு நடத்திய ஆய்வுகளே சிமோன் சொன்னது சரியென நிலைநாட்டின.

தெள்ளு நோயைப் பரப்பும் விதத்தை 1914 இல் லண்டனில் பக்கொட், மார்ட்டின் ஆகிய இருவரும் விளக்கினர். கிருமிகள் பெருகித் தெள்ளின் உணவுப் பாதையை அடைத்துவிடுகின்றன. குடித்த இரத்தம் உள்ளே இறங்குவதில்லை. பசி தாளாத தெள்ளு மீண்டும் மீண்டும் கடிக்க, ஒவ்வொரு கடியிலும் கிருமி வெளியே வருகிறது. நோயைப் பரப்புவதும் பட்டினி கிடந்து சாவதும் அதே தெள்ளுதான்.

ஒரு புதிர் மட்டும் எஞ்சியிருந்தது. பம்பாய் சுடுகாடாகியது. கோயம்புத்தூரில் மக்கள் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தனர். எலிகளுக்கோ கப்பல்களுக்கோ குறைவில்லாத சென்னை நகரம் மட்டும் பெருமளவு தப்பிவிட்டது. ஏன்?

விடையின் ஒரு பகுதி கொழும்பிலிருந்து வந்தது. கொழும்பு மாநகரசபையின் நுண்ணுயிரியல் நிபுணராக இருந்த ஃபேபியன் ஹேர்ஸ்ட், எலித்தெள்ளுகள் எல்லாம் ஒரே இனத்தவை அல்ல என்பதில் கவனஞ் செலுத்தினார். பிளேக்கைத் திறம்படப் பரப்புவது ‘கியோபிஸ்’ என்னும் இனம். எகிப்திய மன்னன் கியோப்சின் பெயரை அதற்குச் சூட்டியவர், தெள்ளு சேகரிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட வங்கிச் செல்வந்தர் சார்ள்ஸ் றொத்சைல்ட்! கொழும்பிலும் சென்னையிலும் மிகுந்திருந்ததோ ‘அஸ்தியா’ என்னும் வேறோர் இனம். அது நோயைக் கடத்துவதில் மந்தமானது. மனிதர் கண்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். உருப்பெருக்கியில்தான் வேறுபாடு தெரியும்.

1914 இல் பிளேக் கொழும்புக்கும் வந்தது. அது மையங்கொண்டது தானியக் கிடங்குகள் நிறைந்த வணிகப் பகுதியில். கியோபிஸ் தெள்ளுகளும் அங்கேதான் காணப்பட்டன. வெளிநாட்டுத் தானியத்தோடு அவை வந்திறங்கின என்பதே பொருத்தமான விளக்கம்.

இங்கே ஒன்றைக் குறிப்பிடாதிருக்க முடியவில்லை. அக்காலத்தில் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். கொள்ளைநோய் கொண்டுவருபவர்கள் என்ற சந்தேகம் அவர்கள் மீதே இருந்தது. அரிசி மூட்டைக்கு அத்தகைய காத்திருப்பு எதுவும் இல்லை. கூலியாளைச் சந்தேகிப்பது எளிது. துறைமுக வணிகத்தைத் தாமதப்படுத்துவது எளிதன்று. (அதே மண்டபத்தில் 1980களின் பின்னர் இலங்கை அகதிகள் தங்கவைக்கப்பட்டதை வாசகர்கள் அறிவர்.)

ஹேர்ஸ்ட் தமது அனுபவங்களைத் திரட்டிப் பிளேக்கின் வரலாற்றைத் தனி நூலாக 1953 இல் வெளியிட்டார். இலங்கையில் இறுதி நோயாளி பதிவானது 1938 இல். அஸ்தியாத் தெள்ளுகள் இன்றும் நம் எலிகளோடுதான் வாழ்கின்றன.