சுவைக்கு உரிய சொல்: தொண்டை நாட்டிலிருந்து மாரிகுப்பம் வரை

ஆஸ்திரியாவின் டான்யூப் ஆற்றங்கரையில் விளையும் குரூனர் வெல்ட்லீனர் என்னும் வெள்ளைத் திராட்சை மதுவை விவரிப்பதற்கு நுணுக்கமான சொல்வழக்கு ஒன்று உண்டு. கூரிய புளிப்பு, பச்சை ஆப்பிளும் எலுமிச்சையும் கலந்த மணம், இறுதியில் நாவில் நிற்கும் வெண்மிளகின் சாயல் என்று அதன் குணங்களை அடுக்குவர். ரொட்டித்தூள் பூசிப் பொரித்த கன்றிறைச்சி, ஆற்றுமீன், வேறு மதுக்களோடு எளிதில் ஒத்துப்போகாத அஸ்பாரகஸ் தண்டு ஆகியவை அதற்கு உற்ற உணவுகள் என்பர். புளிப்பு கொழுப்பை அறுத்து, அடுத்த கவளத்துக்கு நாவை ஆயத்தப்படுத்துகிறது என்பது அதற்குக் கூறப்படும் காரணம். மிளகு மணமும் வெறும் உவமை அன்று. ரோட்டன்டோன் என்னும் சேர்மமே சில திராட்சை மதுக்களின் மிளகு மணத்துக்குக் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் நிறுவினர். மிளகின் மணத்திலும் அதற்குப் பங்கு உண்டு. பின்னர் குரூனர் வெல்ட்லீனரிலும் அச்சேர்மம் கண்டறியப்பட்டது.

ஒரு பானத்தின் குணத்தையும் அதற்கு இசைந்த உணவையும் இவ்வாறு பேசுவது ஐரோப்பியருக்கே உரிய பண்பாடு என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. சங்க நூல்கள் அதனை மறுக்கின்றன. அவற்றில் வழங்கும் மதுப் பெயர்கள் பல, பானத்தின் செய்முறையையும் குணத்தையும் உணர்த்துவன. தெளிந்தது தேறல், அரித்து எடுத்தது அரியல், பிழிந்தது பிழி, நறுமணம் உடையது நறவு. குணவேறுபாடுகளும் கூர்ந்து குறிக்கப்பட்டுள்ளன. நக்கீரனார் பாண்டியன் நன்மாறனைப் பாடிய புறநானூற்று 56ஆம் பாடலில், யவனர் கொணர்ந்த மது தண்மையாலும் மணத்தாலும் சிறப்பிக்கப்படுகிறது. ஔவையார் பாடிய 392ஆம் பாடலில், நாட்பட முதிர்ந்த தேறலின் கடுப்புத் தேள் கொட்டிய கடுப்புக்கு ஒப்பாகிறது. ஒன்று குளிர்ச்சியும் மணமும் உடையது. மற்றது முதிர்ந்து கடுத்தது. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடாமல் அடைமொழியாலும் உவமையாலும் பிரித்துக் காட்டியது அக்கால மொழி. 1945இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது கிடைத்த மத்தியதரைக்கடற் பகுதிச் சாடிகளின் ஓடுகள், யவன மது இங்கு வந்திறங்கியதற்குச் சான்றாக உள்ளன.

உணவுப் பொருத்தத்துக்குத் தெளிவான சான்று பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்நூலில், வலைஞர் குடியிருப்பில் பாணர் பெறும் விருந்து விவரிக்கப்படுகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, நொதிக்கச் செய்யும் அடையைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகின்றனர். அந்தப் பிழியோடு தரப்படுவது சுட்ட மீன். அரசவை விருந்தில் மட்டுமன்று, மீன்பிடிக்கும் குடியினரின் மனையிலும் மதுவுக்குச் செய்முறை உண்டு, உடன் உண்ணத்தக்க உணவு உண்டு, அவற்றைப் பதிவு செய்யப் புலவரும் உண்டு. புதிதாக விளைந்த மெல்லிய மதுவுக்குச் சுட்ட மீன் என்னும் இந்த இணை, டான்யூப் கரையின் இணைக்குத் தொலைவானது அன்று.

அதே தொண்டை மண்டலத்தின் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்துதான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்த் தொழிலாளர் கோலார் தங்கவயலுக்குப் பெருமளவில் சென்றனர். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்குச் சுரங்கப் பணியை ஏற்றது. மாரிகுப்பத்தில் குடியேறியோரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அக்காலத்தில் அவர்களுடைய பானத்தைக் குறிக்க ஆட்சி பயன்படுத்திய சொற்கள் அப்காரி, கலால் என்பன. இரண்டும் வரித்துறையின் வழியே தமிழுக்கு வந்த சொற்கள். கடை ஏலம் விடப்பட்டது, வருவாய் கணக்கிடப்பட்டது, சுவையைப் பற்றி எழுத எவரும் இல்லை. ஐரோப்பிய அலுவலரின் மன்றத்தில் குடி பொழுதுபோக்கு எனப்பட்டது. தொழிலாளர் குடியிருப்பில் அது ஒழுங்கீனம் எனப்பட்டது.

இந்த இழிவுக்கு மாரிகுப்பம் தந்த விடை, குடியைப் போற்றுவதாக அமையவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை அங்கு வேரூன்றியது. பஞ்சசீலத்தின் ஐந்தாவது ஒழுக்கம் மயக்கும் பொருளை விலக்குவது. குடிகாரர் என்று பெயர் சூட்டப்பட்ட மக்கள், தாம் ஒழுக்கநெறி தழுவிய பூர்வ பௌத்தர் என்று தம் வரலாற்றைத் தாமே எழுதத் தலைப்பட்டனர். அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் பிற்காலத்தில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. எனவே சங்க காலக் கள்ளைப் பெருமையாகக் காட்டி இம்மறுப்பைச் சிறுமைப்படுத்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது. உணவிலிருந்து பிரிக்கப்பட்டு, கூலியை உறிஞ்சும் பண்டமாக மாறிய குடியையே அவர்கள் மறுத்தனர்.

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. 2007இல் கர்நாடக அரசு இரண்டு முடிவுகளைச் செயற்படுத்தியது. ஜூலை முதல் சாராயம் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டில் திராட்சை பதப்படுத்தலையும் ஒயின் தயாரிப்பையும் ஊக்குவிக்கும் கொள்கை அறிவிக்கப்பட்டது. சாராயம் குடும்பங்களைச் சிதைத்தது உண்மை. தடைக்கு நியாயம் இருந்தது. ஆயினும் ஒரே ஆண்டில் ஒரு பானம் குற்றமாகவும் மற்றொன்று வேளாண் தொழிலாகவும் வகுக்கப்பட்டதை ஆய்வாளர் கடந்து செல்லலாகாது. நந்தி மலையடிவாரத்தில் இன்று சாவிஞான் பிளாங்க் போன்ற வெள்ளைத் திராட்சைகள் விளைகின்றன. மேட்டுநிலத்தின் குளிர்ந்த இரவுகள் அவற்றின் புளிப்பைக் காக்கின்றன என்றும், இன்ன உணவோடு அவை சிறக்கும் என்றும் விளம்பரங்கள் விரித்துரைக்கின்றன. அங்கிருந்து தங்கவயல் தொலைவில் இல்லை. ஆனால் தங்கவயல் தொழிலாளரின் கிண்ணத்தைப் பற்றிய எழுத்தைத் தேடினால் கையில் கிடைப்பவை பெரும்பாலும் கலால் கணக்குகளே.

ஒரு பானத்தின் சுவை எழுதப்படுவதும் எழுதப்படாமற் போவதும் அந்தப் பானத்தை மட்டும் பொறுத்தவை அல்ல. அதனைக் குடிப்பவர் எவர் என்பதையும் பொறுத்தவை. வலைஞர் மனையின் பிழிக்கு ஓர் உருத்திரங்கண்ணனார் கிடைத்தார். மாரிகுப்பத்தின் குடியையும் குடிமறுப்பையும், அங்கு உண்ட உணவையும் சேர்த்து எழுதவேண்டிய சமூக வரலாறு ஆய்வாளரை எதிர்நோக்கி நிற்கிறது.