இராயபுரத்திலிருந்து ஒரு ரிஹ்லா

அரபு மொழியில் ‘ரிஹ்லா’ என்றொரு சொல் உண்டு. பயணம் என்பது அதன் நேர்ப்பொருள். எனினும் நம் ஆலிம்கள் அச்சொல்லைக் கல்வி தேடிச் செல்லும் பயணத்துக்கே பெரிதும் வழங்கி வந்தனர். ஒரேயொரு நபிமொழியை, அதனை நேரிற் கேட்டவர் வாயிலாகவே அறிந்துகொள்ளும் பொருட்டு, ஒரு மாத வழி பயணம் செய்து ஷாம் நாடு சென்ற நபித்தோழரின் வரலாறு மத்ரஸா மாணவர் யாவரும் அறிந்ததே. 14-ஆம் நூற்றாண்டில் மஅபர் எனப்பட்ட நம் தமிழ்க் கரைக்கு வந்து சென்ற இப்னு பதூதாவின் நூலும் ‘ரிஹ்லா’ என்றே வழங்குகிறது. பார்ப்பது வேறு, பார்த்துக் கற்பது வேறு. பின்னதற்கே அப்பெயர் பொருந்தும்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றைக் கூற வேண்டும். வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தபோது, சுற்றுலா அறிவிப்புத் தாள் ஒன்றைக் காட்டினார். பால்கன் தீபகற்பத்திலுள்ள பொஸ்னியா நாட்டைப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுவாகச் சென்று காணும் ஏற்பாடு அது. சாராயேவோ நகரில் 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த காஸி ஹுஸ்ரவ் பெக் பள்ளிவாசல், மொஸ்தார் நகரில் நெரெத்வா ஆற்றின்மேல் 1566-இல் கட்டி முடிக்கப்பட்ட கல்பாலம், மலையடிவாரத்து நீரூற்று என்று பண்பாடும் இயற்கையும் சேர்ந்த பயணம். படங்களைப் பார்த்து என் இன்றைய மாணவர்கள் வியந்தனர். அவர்களுள் ஒருவன், “ஹஜ்ரத், நம்ம வடசென்னையிலே காட்டுறதுக்கு என்ன இருக்கு? புகையும் லாரியுந்தான்” என்றான்.

அச்சொல் என்னைத் தைத்தது. அவனைக் குறை கூறவும் இயலவில்லை. இருக்கிறதைக் காட்டாதவர்கள் நாம்தாமே? ஆகவே தை மாதத்து ஞாயிறு ஒன்றில், எட்டு மாணவர்களும் ஒருவரின் தந்தையும் நானுமாகப் பத்துப் பேர், ஒரு வேனில் இராயபுரத்திலிருந்து பழவேற்காட்டுக்குப் புறப்பட்டோம். அறுபது கிலோமீட்டருக்கு உட்பட்ட வழி. ஆனால் நானூறு ஆண்டு வரலாறு.

முதலில் இராயபுரம் இரயில் நிலையத்தின்முன் நின்றோம். 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இங்கிருந்தே வாலாஜா ரோடு வரை ஓடியது. மூன்றாண்டு முன்னர் பம்பாயில் முதல் இரயில் ஓடியது உண்மையே; ஆயினும் அந்த முதற் பாதையின் பழைய நிலையக் கட்டடங்கள் இன்றில்லை. ஆதலால் நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் இராயபுரத்தினுடையதே. நாள்தோறும் அதனைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளில் எவனும் இதை அறிந்திருக்கவில்லை.

அடுத்துக் காசிமேட்டுக் கரை. சென்னைக்குத் துறைமுகம் ஏற்படுவதற்கு முன்பு கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். மக்களையும் சரக்குகளையும் மசூலா படகுகளே கரை சேர்த்தன. ஆணி அறையாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டவை அவை. அலை மோதும்போது ஆணியடித்த படகு பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். அரபுக் கடலோடிகளின் பழைய மரக்கலங்களும் தைத்துக் கட்டப்பட்டவையே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கடலுக்குள் நீண்ட கற்சுவர்களை 1881-ஆம் ஆண்டுப் புயல் உடைத்தெறிந்தது. மீண்டும் கட்டினார்கள். ஆனால் கட்டியவர்கள் முழுமையாக எண்ணிப் பாராத ஒன்றுண்டு. இக்கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியில் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே சுமந்து செல்கிறது. கற்சுவர் அதனைத் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்தது. மெரினா கடற்கரை அகன்று, நகரத்தார் காற்று வாங்கும் இடமாயிற்று. மணல் வந்து சேராத வடகரையைக் கடல் அரித்தது. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை தெருக்களும் வீடுகளும் கடலுக்கு இரையாயின. இன்று நாம் காணும் கருங்கல் தடுப்புகள் அந்த அரிப்பை நிறுத்தப் போட்டவை. ஒரு கரையின் பேறு மறுகரையின் இழப்பிலிருந்து வந்தது என்று சொன்னபோது பிள்ளைகள் சற்று நேரம் பேசவில்லை.

திருவொற்றியூர், தேவாரப் பாடல் பெற்ற தலம். பட்டினத்தாரின் அடக்கத்தலம் இங்கே கடலோரமாக இருக்கிறது. செல்வமனைத்தையும் துறந்த வணிகர் ஒருவரின் நினைவிடத்தைச் சூழ, 20-ஆம் நூற்றாண்டில் தீப்பெட்டித் தொழிற்சாலையும் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் எழுந்தன. அவற்றின் சங்கொலி கேட்டு விழித்த குடும்பங்களில் நம்மவர் குடும்பங்களும் உண்டு. ஆலைகள் சோறு போட்டன என்பதை மறுப்பது நன்றி மறத்தலாகும்.

எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கினோம். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்குமிடம் இது. 1806 வாக்கில் சென்னையிலிருந்து இதுவரை ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. பின்னர் அது நீட்டிக்கப்பெற்று, 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பெரும்பஞ்சத்தில் பசித்தவர்கள் கூலிக்கு மண் சுமந்து விரிவாக்க, அக்கால ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. விறகும் உப்பும் நெல்லும் படகேறி வந்த அந்நாளில், எண்ணூர் சென்னை வெள்ளைக்காரர்கள் ஓய்வு கொள்ளவும் படகு செலுத்தவும் வந்த எழிலூர் என்று சொன்னால் இன்று யார் நம்புவர்? 1970-இல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது, 2017-இல் மூடப்பட்டது. வடக்கே 2001-இல் புதிய துறைமுகம் வந்தது. 2017 ஜனவரியில் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்தியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு இக்கழிமுகத்திலேயே புகுந்து, அலையாத்தி மரங்களின் அடியையும் கூழைக்கடாக்களின் சிறகையும் கறுப்பாக்கியது.

வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு, “வாங்க பாய், பசங்களுக்கு ஆத்தைக் காட்டக் கூட்டியாந்தீங்களா?” என்று கேட்டார். “இறால் எங்க அப்பா காலத்துல கையால தடவியே எடுப்போம். இப்ப தடவினா கை அரிக்குது” என்றார். நான் சொல்ல நினைத்திருந்த பாடத்தை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு சேர்ந்தபோது காலை பத்து மணி. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே சுவர்போல் கிடக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்துதான் விண்கலங்கள் ஏவப்படுகின்றன. படகில் சென்று தொலைவில் பூநாரைகளைக் கண்டோம். வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்றை வடித்து நுண்பாசியையும் சிற்றுயிர்களையும் உண்பவை அவை. அவ்வுணவிலுள்ள நிறமியே அவற்றின் சிறகுக்குச் செந்நிறம் தருகிறது. ஏரி கெட்டால் உணவு கெடும். உணவு கெட்டால் நிறமும் இல்லை, பறவையும் இல்லை. இங்குள்ள மீனவர்கள் ‘பாடு’ என்னும் முறையால் மீன்பிடிக்கும் இடங்களைத் தமக்குள் முறை வைத்துப் பங்கிட்டு வந்துள்ளனர். வலியவன் வாரிக்கொள்ளாதபடி எளியவனுக்கும் ஒரு நாள் உண்டு என்ற நீதி அதில் அடங்கியிருக்கிறது.

ஊருக்குள் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாயிலின் இருபுறமும் கல்லிற் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. மரணத்தை நினைவூட்ட அவர்கள் கண்ட வழி அது. 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் தலைமையிடமாக்கி ஆண்டனர். ஏன் இவ்வூர்? மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும் வேண்டுமாயின் அத்தீவினர் விரும்பியது நம் நெசவாளரின் துணியை. துணி கொடுத்து வாசனைச் சரக்கு வாங்கி ஐரோப்பாவில் விற்றனர். டச்சுக்காரருக்கு முன்பே நம் மரக்காயர் மரக்கலங்கள் மலாக்காவுக்கு இதே துணியைக் கொண்டு சென்றன. இன்றும் மலாய் மக்கள் கட்டம் போட்ட கைலியைக் ‘கைன் பெலேகாட்’ என்கின்றனர். நம் பெரியவர்கள் ‘பளையகாட் கைலி’ என்பர். இரண்டும் இவ்வூரின் பெயரே. ஓர் ஊரின் பெயரை இடுப்பிற் கட்டிக்கொண்டு, அவ்வூர் எங்கே என்று அறியாமல் இருந்திருக்கிறோம்!

அக்கோட்டையின் வாயிலாக வேறொரு வணிகமும் நடந்தது. 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சத்திலும் போரிலும் விலைப்பட்ட ஆயிரக்கணக்கான மக்கள் இத்துறையிலிருந்து பத்தேவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். வாங்கியவர்களுக்குச் செதுக்கிய கல்லறைகள் உள்ளன. ஏற்றப்பட்டவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. கோட்டையை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இடித்தனர். புதர் மண்டிய மேடும் அகழியுமே மிச்சம்.

ளுஹர் நேரம் நெருங்கவே பள்ளிவாசலுக்குச் சென்றோம். மதீனாவிலிருந்து நான்கு மரக்கலங்களில் வந்தவர்களே தம் முன்னோர் என்பது இவ்வூர் முஸ்லிம்களிடையே வழிவழியாக வரும் செய்தி. பள்ளியில் நிழற்கடிகாரம் ஒன்று உண்டு. மாணவர்களை நிறுத்தி அதன் கணக்கைச் சொன்னேன். நட்ட கோலின் நிழல் மிகக் குறுகி, மீண்டும் நீளத் தொடங்கும்போது ளுஹர் புகுகிறது. அந்த நண்பகல் நிழலை நீக்கி, எஞ்சிய நிழல் கோலின் அளவுக்கு நீளும்போது ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர். ஹனஃபி மத்ஹபின்படி இரு மடங்கு. இக்கரையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால் நண்பகல் நிழலே இராது. நாங்கள் சென்ற தை மாதத்திலோ அது வடக்கே சாய்ந்து விழும். கைப்பேசி நேரம் சொல்கிறது. ஏன் அந்த நேரம் என்பதை நிழல் சொல்கிறது. “ஹஜ்ரத், இது கணக்குப் பாடமா, ஃபிக்ஹுப் பாடமா?” என்று ஒருவன் கேட்டான். “முன்னோர் இரண்டையும் பிரிக்கவில்லை தம்பி” என்றேன்.

தொழுகைக்குப்பின், பனையோலையில் கூடைகளும் பெட்டிகளும் முடையும் ஒரு மூதாட்டியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். பேச்சிடையே, தம் தாயார் அரபுத்தமிழில் எழுதிய ஏடு பார்த்து ஓதுவார் என்றார் அவர். அரபு எழுத்துகளோடு, அம்மொழியில் இல்லாத ட, ண, ள, ழ, ப முதலிய ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டித் தமிழை எழுதிய முறையே அரபுத்தமிழ். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அதில் நூல்கள் யாத்தனர். பள்ளிக்கூடம் காணாத நம் பாட்டிமார் மார்க்கமும் மருத்துவமும் கற்றது அவ்வெழுத்தாலேயே. பொஸ்னியரும் தம் சிலாவிய மொழியை அரபு எழுத்தில் எழுதினர். ‘அரெபிட்சா’ என்பது அதன் பெயர். 20-ஆம் நூற்றாண்டில் அதுவும் வழக்கொழிந்தது. வெவ்வேறு கரையில் வாழ்ந்த இரு மக்கள், ஒருவரையொருவர் அறியாமலே ஒரே செயலைச் செய்து, ஒரே இழப்பை அடைந்தனர்.

“அந்த ஏடு இப்போது எங்கேம்மா?” என்று கேட்டேன். “படிக்க ஆளில்லே. எழுத்துல அல்லாஹ் பேர் இருக்கேன்னு தண்ணியில விட்டுட்டோம்” என்றார்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. முப்பதாண்டுகளுக்கு முன்பு, நான் புதிதாக ஆசிரியப் பணி ஏற்றிருந்த காலத்தில், ஒரு வீட்டார் துணியிற் சுற்றிய பழைய ஏட்டுக்கட்டு ஒன்றைக் கொண்டு வந்து என்ன செய்வதெனக் கேட்டனர். பிரித்துப் பார்த்தேன். அரபு எழுத்து, ஆனால் அரபு அன்று. அதைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் பொறுமையும் எனக்கு இருக்கவில்லை. மரியாதையாகக் கடலில் இறக்கிவிடுங்கள் என்று தீர்ப்புச் சொன்னேன். காசிமேட்டிலிருந்து படகில் கொண்டுபோய் இறக்கினார்கள். அதில் இருந்தது தொழுகை விளக்கமா, வைத்திய நூலா, ஒரு பாட்டியின் கைப்பட எழுதிய பாட்டா? இன்று வரை அறியேன். இதை அன்று மாணவர்களிடமும் சொன்னேன். ஆசிரியர் தவறியதைக் கேட்பது அவர்களுக்குப் புதிது.

மொஸ்தார் பாலம் 1993-ஆம் ஆண்டுப் போரில் பீரங்கியால் தகர்ந்தது. ஆற்றில் விழுந்த கற்கள் வெளியே எடுக்கப்பட்டன. பழைய முறையைக் கற்று, அவ்வட்டாரத்துக் கல்லைக் கொண்டே 2004-இல் மீண்டும் எழுப்பினர். கல்லை ஆற்றிலிருந்து எடுக்கலாம். கடலில் விட்ட காகிதத்தை எவராலும் எடுக்க இயலாது.

ஆகவே இவ்விதழ் படிக்கும் குடும்பத்தாரிடம் என் வேண்டுகோள் சிறியது. வீட்டு அலமாரியில், பரணில், பழைய பெட்டியில் அரபு எழுத்தில் ஏடு எதுவும் இருப்பின் தண்ணீரில் விடுமுன் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். படமாவது எடுத்து வையுங்கள். பிள்ளைகளை ஒரு ஞாயிறு வடக்கே அழைத்துச் செல்லுங்கள். கழிமுகத்தையும் ஏரியையும் கண்ணாற் கண்ட பிள்ளையே நாளை அவற்றுக்காகப் பேசும்.

திரும்பும் வழியில், புகையும் லாரியும் என்று சொன்ன அதே மாணவன் என்னருகே வந்தமர்ந்தான். “ஹஜ்ரத், அந்த எழுத்தை எங்களுக்குச் சொல்லித் தருவீங்களா?” என்றான். எனக்கே சரிவரத் தெரியாது என்றேன். “அப்ப சேர்ந்து படிப்போம்” என்றான். இப்போது வெள்ளிக்கிழமை அஸருக்குப்பின் ஒன்பது பேர் அமர்ந்து படிக்கிறோம். ‘ழ’வுக்குரிய குறியில் நான் இன்னும் தடுமாறுகிறேன், அவர்கள் திருத்துகிறார்கள்.