பிரஸ் இயந்திரமும் ஆய்வாளரும்

இயந்திரத்தில் விரல் போனால் தொழிலாளியின் கவனக்குறைவு என்பது பழைய வாதம். வரலாறு அதை ஏற்கவில்லை. பிரிட்டனில் 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாடு முழுவதற்கும் நான்கே ஆய்வாளர்களைத் தந்தது. ஆபத்தான இயந்திரங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1844-இல்தான் சொன்னார்கள். இரண்டும் ஜவுளி ஆலைகளுக்கே. இந்தியாவின் 1881 தொழிற்சாலைச் சட்டமோ 100 பேருக்குக் குறையாத ஆலைகளை மட்டும் தொட்டது. சிறு உலோகப் பட்டறைகள் வெளியே நின்றன. மின்விசையில் ஓடினால் 10 பேர் இருந்தாலே போதும் என 1948 சட்டம் விரிந்தது. அதன் 21-ஆம் பிரிவு தடுப்பைக் கட்டாயமாக்கியது.

பட்டறையில் நடப்பது வேறு. தகட்டைக் கையால் பிரஸ் இயந்திரத்தின் டைக்கு (அச்சுக்கு) அடியில் வைத்து, பெடலை மிதிக்க வேண்டும். தடுப்பு இருந்தால் வேகம் குறையும்; பீஸ் கணக்கில் கூலி என்றால் அதைக் கழற்றிவிடத் தோன்றும். ஆய்வு என்ற பெயரில் தொல்லையும் லஞ்சமும் பெருகுகின்றன என்கிறார்கள் முதலாளிகள். அந்தக் குறை உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து ஆய்வாளரைக் கண்காணிப்பது, ஆய்வை நிறுத்துவது அல்ல. ஆய்வாளர் சொல்லிவிட்டு வந்தால் கழற்றிய தடுப்பு அன்றைக்கு மட்டும் மாட்டப்பட்டிருக்கும். முன்னறிவிப்பின்றி நுழையும் உரிமையை ஆய்வாளருக்கு அளிக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1949-இல் ஏற்றது. அந்த உரிமையைத் தளர்த்தக் கூடாது.