காசுக்கு ஒரு கணக்கெடுப்பு, காசில்லாமல் இன்னொன்று

2022 ஜனவரி 6 அன்று இங்கிலாந்து, வேல்ஸ் மக்களின் 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புப் படிவங்கள் இணையத்தில் வெளியாயின. மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் 1950 கணக்கெடுப்பு வெளிவந்தது. தாத்தா, பாட்டி எந்தத் தெருவில், யாரோடு குடியிருந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்று தேடுகிறவர்களுக்கு இரண்டுமே புதையல்தான். ஆனால் இங்கிலாந்துப் படிவம் ஒன்றின் படத்தைப் பார்க்க அன்று மூன்றரைப் பவுண்டு. தட்டச்சு செய்த விவரம் மட்டும் போதும் என்றால் இரண்டரை. அமெரிக்காவுடையதற்கு ஒரு காசும் கிடையாது. எட்டிப் பார்ப்பது மட்டுமல்ல, அத்தனை பக்கங்களையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளவே அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் வழி செய்திருந்தது. வணிக நிறுவனங்களும் அப்படி இறக்கித் தங்கள் தளங்களில் வைத்தன. யாரும் தடுக்கவில்லை.

இந்த வித்தியாசத்துக்குப் பதிப்புரிமைதான் காரணம் என்று குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. அமெரிக்காவின் 1976 சட்டத்தில் 105-ஆவது பிரிவு, மத்திய அரசின் படைப்புகளுக்குப் பதிப்புரிமையே இல்லை என்கிறது. அரசு ஊழியர் வீடு வீடாகப் போய் எழுதிய கணக்கு, எழுதிய நாளிலிருந்தே பொதுச் சொத்து. அதற்கு மேல் 1991-இல் வந்த ஃபைஸ்ட் வழக்கின் தீர்ப்பு. கான்சஸ் மாநிலத்துத் தொலைபேசி நிறுவனம் ஒன்று, தன் டைரக்டரியை ஃபைஸ்ட் என்ற இன்னொரு நிறுவனம் எடுத்துப் போட்டுவிட்டது என்று வழக்குப் போட்டது. திருட்டைப் பிடிப்பதற்கென்றே அது நாலு பொய்ப் பெயர்களை டைரக்டரியில் நுழைத்து வைத்திருந்தது. அந்த நாலும் எதிராளியின் புத்தகத்தில் அப்படியே இருந்தன. எடுத்தது ருசுவாகிவிட்டது. ஆனாலும் வழக்கு தோற்றது. பெயரும் ஊரும் எண்ணும் யாருடைய கற்பனையும் அல்ல, அவற்றை அகரவரிசையில் அடுக்குவதிலும் புதுமை இல்லை, பட்ட பாட்டுக்காக மட்டும் உரிமை தர முடியாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் எழுதினார். ஒருவர் பிறந்த தேதியும் கல்யாணம் ஆன தேதியும் இதே கணக்கில்தான் வரும். அமெரிக்காவில் வம்சாவளியை இணையத்தில் போடுகிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பு ஒரு கவசம்.

இங்கிலாந்தின் கதை வேறு திசையிலிருந்து வருகிறது. ரோஸ்பெரி பிரபுவின் மேடைப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்து வெளியிட்ட டைம்ஸ் நிருபர்களுக்கு, அந்தப் படியில் பதிப்புரிமை உண்டு என்று பிரபுக்கள் சபை 1900-இலேயே சொல்லிவிட்டது. பேச்சு அவருடையது, காது கொடுத்து, கை வலிக்க எழுதிய உழைப்பு நிருபருடையது. உழைப்புக்கு மதிப்பு என்கிற இந்தப் பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. போதாததற்கு 1998-இல் தரவுத்தளங்களுக்கென்று 15 ஆண்டுத் தனி உரிமையும் வந்து சேர்ந்தது. உழைப்பும் திறமையும் மட்டும் போதாது, செய்தவரின் சொந்தத் தேர்வு அதில் தெரிய வேண்டும் என்று லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது 2023-இல்தான்.

அரசு ஆவணங்கள் மீது 'கிரவுன் காப்பிரைட்' என்கிற அரசுப் பதிப்புரிமையும் அங்கே உண்டு. கவனிக்க வேண்டியது இங்கேதான். அச்சாகாத, பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்ட ஆவணங்களில் அந்த உரிமையைச் செலுத்தப் போவதில்லை என்று அரசு 1999-லேயே விட்டுக்கொடுத்துவிட்டது. 1921 படிவத்தில் உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எழுதியிருப்பதை நீங்கள் நகல் எழுதி வெளியிட்டால் அரசு வரப்போவதில்லை. அப்புறம் எதற்குக் காசு? ஸ்கேன் செய்த படத்துக்கு. அந்தப் படத்தை எடுத்த ஃபைண்ட்மைபாஸ்ட் நிறுவனம் தன் செலவை மீட்க வேண்டும். பார்க்க வருகிறவர் நிபந்தனைகளை ஏற்று உள்ளே போகிறார். அவருடைய கையைக் கட்டுவது அந்த ஒப்பந்தம். சட்டப் புத்தகத்தில் பதிப்புரிமைக்கு முடிவுத் தேதி இருக்கிறது, விதிவிலக்கு இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் நிபந்தனைப் பக்கத்தில் அதெல்லாம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

அந்த நிறுவனத்தை மட்டும் வைவதும் நியாயமில்லை. அதற்குக் கிடைத்த சரக்கைப் பாருங்கள்: 28,000-க்கும் மேற்பட்ட கட்டு வால்யூம்கள், ஏறத்தாழ 3.8 கோடி மக்களின் விவரம், நூறு வருடம் கிடந்த தாள். ஒவ்வொன்றாகப் பிரித்து, சுத்தம் செய்து, கிழிந்ததை ஒட்டி, ஸ்கேன் செய்து, தட்டச்சு செய்து முடிக்க மூன்று வருடம் பிடித்தது. அமெரிக்காவுக்கு அந்தத் தலைவலி இல்லை. 1950 கணக்கை அங்கே 1950-களின் தொடக்கத்திலேயே மைக்ரோஃபிலிமில் எடுத்து, பிறகு மூலத் தாள்களை அழித்துவிட்டார்கள். கையில் இருந்தது 6,373 சுருள். சுருளை ஸ்கேன் செய்யும் செலவு, பழந்தாளைப் பிரித்துச் செய்யும் செலவுக்குப் பக்கத்தில் நிற்காது. ஆக, அமெரிக்கர்களுக்குக் கிடைத்த இலவசத்தில் சட்டத்தின் பெருந்தன்மை பாதி. மீதி, காகிதத்தைத் தொலைத்ததால் வந்த மலிவு.

தொலைந்தது என்ன என்று தெரிய இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும். அமெரிக்கப் பக்கம் ஒரு பேரேடு: கணக்கெடுத்தவரின் கையெழுத்தில் 30 வரி, வரிக்கு ஒருவர், கறுப்பு வெள்ளை. சில வரிகளில் விழுந்தவர்களுக்கு மட்டும் கூடுதல் கேள்விகள். இங்கிலாந்துப் படிவம் வீட்டுக்கு ஒரு தாள், குடும்பத் தலைவர் தம் கையாலேயே நிரப்பியது, வண்ணப் படம். எங்கே வேலை, முதலாளி யார் என்று எழுதியிருக்கும். மணவிலக்கு ஆனவர் என்று சொல்லவும் அதில்தான் முதன்முதலாக இடம் வந்தது. சிலர் ஓரத்தில் வேலையில்லை, குடியிருக்க வீடில்லை என்று அரசாங்கத்தைத் திட்டியும் எழுதியிருக்கிறார்கள். கணக்கெடுப்பவர் கேட்டு எழுதும் பேரேட்டில் அந்தக் கோபம் ஏறாது. மூன்றரைப் பவுண்டு அதிகம்தான். அதற்குக் கிடைப்பதும் அதிகம்.

என் குறை விலையில் இல்லை, வாங்கியதைப் பகிர முடியாததில். நாலு வீட்டுப் படிவங்களை விவரத்தோடு சேர்த்து வாங்க 2022-இல் 24 பவுண்டு ஆனது. அதைச் சித்தப்பா மகனும் அத்தை மகளும் தனித்தனியாக மறுபடி வாங்க வேண்டியிருந்தது விசித்திரம். லண்டன் கியூவில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போனால் இலவசம். டொராண்டோவிலோ பெர்த்திலோ இருக்கும் பேரனுக்கு அதனால் என்ன பயன்?

இதற்கு மாற்று வழியையும் அதே இங்கிலாந்துதான் காட்டியது. 1881 கணக்கெடுப்பை 1980-களின் பிற்பகுதியிலிருந்து பல வருடம் தன்னார்வலர்களே உட்கார்ந்து நகல் எழுதினார்கள். பிரிட்டனின் குடும்ப வரலாற்றுச் சங்கங்களும் சால்ட் லேக் சிட்டியின் மார்மன் திருச்சபையும் கைகோத்த வேலை அது. 1999-இல் குறுந்தகடாக வந்தது. இன்று இணையத்தில் காசில்லாமல் தேடலாம். சென்னைக்கும் இதில் பங்குண்டு. மதராஸ் மாகாணத்துத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. படம் வேண்டுமென்றால் சந்தா. பெயரைத் தேட மட்டுமானால், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தன்னார்வலர்கள் எழுதி வைத்த இலவசப் பட்டியல். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளையரும் ஆங்கிலோ இந்தியரும் என்பது வேறு விஷயம்.

திறப்பதற்கு முன் எத்தனை வருடம் பூட்டி வைப்பது என்பதிலும் இரு நாடுகளும் ஒத்துப்போகவில்லை. அமெரிக்கா 72, இங்கிலாந்து 100. 1950-இல் குழந்தையாக எண்ணப்பட்ட அமெரிக்கர் பலர் உயிரோடு உட்கார்ந்து தம் பெயரையே திரையில் பார்த்தார்கள். அம்மாவின் முதல் கல்யாணத்தை அங்கேதான் தெரிந்துகொள்ள நேர்ந்தால், எல்லாருக்கும் திறந்த கதவு அவ்வளவு இனிக்காது. இந்த ஒன்றில் என் ஓட்டு இங்கிலாந்துக்கு.

அமெரிக்காவின் 1960 கணக்கு 2032-இல் வரும். இங்கிலாந்துக்கோ நெடுநாளைக்கு எதுவுமில்லை. 1931 படிவங்கள் 1942 டிசம்பரில் ஹேய்ஸ் கிடங்கில் எரிந்துபோயின. போர்க்காலம் என்றாலும் குண்டு விழுந்து அல்ல, சாதாரணத் தீ விபத்து. 1941-இல் போரினால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1951 படிவங்கள் 2052-இல்தான் திறக்கும். செலவைப் போடும் நிறுவனம் போட்ட பணத்தை எடுக்க இத்தனை வருடம், அதன் பிறகு படங்கள் பொதுவுக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். அதை எழுத இன்னும் நாள் இருக்கிறது.