ஆறுபாகப் பாரும் முத்துக்கடல் வரைபடமும்

அசாமில் திக்பாய், நம் தஞ்சைப் பக்கத்தில் நரிமணம் என்று எண்ணெய் எடுக்கும் ஊர்களின் பழைய நிலப்படங்களை ஆவலாய்த் தேடிப் பார்ப்பவர்கள் உண்டு. திரேஸ்புரத்தில் பிறந்த எனக்கு அப்படிப் பார்க்கத் தோன்றுவது முத்துப் பார்களின் வரைபடம்தான். நம் ஊர்ச் செல்வம் கடலுக்கடியில் அல்லவா கிடந்தது!

பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு என்று நமக்குத் தெரியும். வெள்ளைக்காரர்கள் படம் போட்டபோதும் பெயர்களை மாற்றவில்லை. ஜேம்ஸ் ஹார்னெல் 1922இல் சென்னை மீன்துறைக்காக எழுதிய முத்துக்குளிப்பு நூலிலும் தொளாயிரம் பார், கூத்தாடியார் பார், புலிப்பூண்டுப் பார், குடமுத்துப் பார் என்று நம்மவர் வாயில் வழங்கிய பெயர்கள்தான். வான்தீவு ஆறுபாகப் பாரைப் பாருங்கள். எந்தத் தீவுப் பக்கம், எத்தனை பாகம் ஆழம் என்ற இரண்டையும் பெயரே சொல்லிவிடுகிறது. ஒரு பாகம் ஆறு அடி. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்த கணக்கு அது.

சர்க்காருக்கு இதில் அக்கறை வரக் காரணம் வருமானம். எடுத்த சிப்பியில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்குதான் குளியாளிக்கு. மூச்சை அடக்கி இறங்கியவனுக்கு மூன்றில் ஒன்று என்பது என் கணக்கில் நியாயமே இல்லை.

ஆனால் எண்ணெய்ப் படத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. எண்ணெய் பாறைக்கடியில் அடைபட்டுக் கிடக்கும். பார் அங்கேயே இருந்தாலும் சிப்பி இருக்கும் என்று உறுதியில்லை. மணல் மூடும், சூரன் படர்ந்து அமுக்கும், திருக்கை தின்னும். அதனால்தான் முதலில் ஆள் இறக்கி மாதிரிச் சிப்பி எடுத்துப் பார்த்துவிட்டுக் குளிப்பு அறிவிப்பார்கள். 1928க்குப் பின் 1955 வரை குளிப்பே இல்லை. அந்த வருஷம் தொடங்கியதும் 1961இல் நின்றது. அதன் பிறகு இன்றுவரை இல்லை.

1981இல் இதே வளைகுடாவின் இலங்கைப் பக்கம் எண்ணெய் தேடித் துளைத்த கிணற்றுக்கு ‘பெர்ல்’ என்று பெயர் வைத்தார்கள். முத்து! எண்ணெய் கிடைக்கவில்லை.

விலாங்குசல்லித் தீவு இப்போது தண்ணீருக்கடியில். வான்தீவும் தேய்ந்துவிட்டது. சங்கு குளிக்கப் போகும் பையன்கள் ஜிபிஎஸ் எண்ணை வைத்துச் சரியான இடத்துக்குப் போய்விடுகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பாரின் பெயரையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன வேறு பார்ப் பெயர்கள் இருந்தால் எனக்கும் தெரிவியுங்கள்.