சுத்துறதுக்கு முன்னாடி...

ஊர் வந்தாச்சு, ஆனா விமானம் இறங்காம மேலேயே சுத்திக்கிட்டிருக்கும். பைலட்டுங்க பாஷையில இது ஹோல்டிங். ஒரு புள்ளியைப் பிடிச்சுக்கிட்டு நீள்வட்டமா, வழக்கமா வலப்பக்கம் திரும்பித் திரும்பி வரணும். எந்தத் திசையிலிருந்து வர்றோம்ங்கறதைப் பொறுத்து உள்ளே நுழைய மூணு வழி: நேரடி, இணை, கண்ணீர்த்துளி. பிரிக்கிறது 70 டிகிரி சாய்வுல ஒரு கோடு. மேகத்துக்குள்ள இந்த மனக்கணக்கு போடறது பேஜாரு. அதுக்குத்தான் சுழலும் பிளாஸ்டிக் தட்டு, திசைகாட்டி மேல வைக்கிற பென்சில், கட்டைவிரல் கணக்கு எல்லாம். இன்னிக்கு பல ஜிபிஎஸ் பெட்டிகளே சொல்லிடுது.

எல்லாம் சரிதான். ஆனா அந்தப் புள்ளி எங்கேன்னு தெரியலைன்னா இந்தத் தட்டுகளை வச்சு என்ன பண்றது?

1960 டிசம்பர் 16. சிகாகோவிலிருந்து நியூயார்க் ஐடில்வைல்டுக்கு (இப்போ கென்னடி விமான நிலையம்) வந்துக்கிட்டிருந்தது யுனைடெட் 826, டிசி-8 ஜெட். நியூஜெர்சியில பிரஸ்டன்ங்கற புள்ளியில 5,000 அடியில ஹோல்ட் பண்ணணும்னு உத்தரவு. பிரஸ்டன்ல கோபுரமோ விளக்கோ கிடையாது, ரேடியோ கதிர்கள் வெட்டிக்கிற வெறும் இடம். விமானத்துல இருந்த ரெண்டு விஓஆர் ரிசீவர்ல ஒண்ணு அவுட். அதைக் கம்பெனிகிட்ட சொன்னாங்க, கன்ட்ரோலர்கிட்ட சொல்லலை. கன்ட்ரோலரும் நல்லெண்ணத்துல சுமார் 11 மைல் குறையற மாதிரி குறுக்கு வழி கொடுத்தார். வேகமோ கன்னாபின்னா. "பிரஸ்டனை நெருங்குறோம்"னு ரேடியோவுல சொன்னப்பவே புள்ளி பின்னாடி போயாச்சு.

ஸ்டேட்டன் ஐலண்ட் மேல, லகார்டியாவுக்கு இறங்கிக்கிட்டிருந்த டிடபிள்யூஏ 266 மேல மோதினாங்க. விமானங்கள்ல 128 பேர், புரூக்ளின் தெருவுல 6 பேர். புரூக்ளின்ல விழுந்த ஜெட்டிலிருந்து உயிரோட கிடைச்ச ஒரே ஆள் 11 வயசுப் பையன். அவனும் மறுநாள் போயிட்டான்.

விசாரணை அறிக்கை, யுனைடெட் தன் எல்லையைத் தாண்டிப் போனதையே காரணமா சொல்லுது. வேகமும் குறுக்கு வழியும் துணைக்காரணங்கள். என் கணக்குல அந்த ரிசீவருக்கு இன்னும் பெரிய பங்கு உண்டு. 1961ல விதிகள் மாறிச்சு: வழிகாட்டும் கருவி கெட்டா கன்ட்ரோலர்கிட்ட உடனே சொல்லணும், 10,000 அடிக்குக் கீழே, போய்ச் சேரும் விமான நிலையத்துக்குக் கிட்ட 250 நாட்தான் உச்ச வேகம். எத்தனை மைல்னு காட்டுற டிஎம்இ கருவியும் ஜெட்டுகளுக்கு வந்தது. இப்போ ஹோல்டிங் புள்ளிக்கு 3 நிமிஷம் இருக்கும்போதே வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கணும்னு அமெரிக்க பைலட் கையேடு சொல்லுது. எந்த வழியா நுழையறதுங்கற பேச்சு அதுக்கு அப்புறம்தான் வருது.