மாடு ரெட்டைக் கன்று போட்டால் ஜாக்பாட்டா? கிடேரியை வளர்க்கும் முன் இதைப் பாருங்க!

"ஒரே ஈத்துல ரெண்டு கன்னு!" என்றால் ஊரே வந்து பார்த்துட்டுப் போகும். ஆனால், கால்நடை மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி வேறு. ரெண்டும் கிடேரியா, இல்ல ஒண்ணு காளையா?

விஷயமே அதில்தான் இருக்கு. காளைக்கன்றோடு சேர்ந்து பிறந்த கிடேரி பெரும்பாலும் சினையே பிடிக்காது. 100-ல் 90-க்கும் மேற்பட்ட கிடேரிகளுக்கு இதுதான் நிலை. இப்படிப்பட்ட கிடேரிக்கு 'ஃப்ரீமார்ட்டின்' என்று பெயர். 1779-லேயே லண்டனில் இருந்த ஜான் ஹன்டர் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஏன் இப்படி?

தாயின் வயிற்றில் இருக்கும்போதே இரண்டு கன்றுகளின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்களும் ஒன்றாக இணைந்துவிடும். காளைக்கன்றின் ஹார்மோன் அதன் வழியாகக் கிடேரிக்குள் போய், கருப்பையும் சினைப்பையும் சரியாக வளராமல் தடுத்துவிடும். காளைக்குப் பெரிய பாதிப்பு இருக்காது. ரெண்டுமே கிடேரி என்றால் இந்தப் பிரச்சனையே இல்லை.

சிக்கல் என்னன்னா, வெளியே பார்த்தால் அது நல்ல கிடேரி மாதிரியே இருக்கும். ரெண்டு வருஷம் தீவனம் போட்டு வளர்த்து, சினை ஊசி மேல் சினை ஊசி போட்டு, கடைசியில் ஊசி போட்டவரைத் திட்டிக்கொண்டிருப்போம். கன்று ஒரு மாதமாக இருக்கும்போதே மருத்துவரிடம் காட்டினால், பிறப்புறுப்பின் உள்நீளத்தை அளந்தே ஓரளவு சொல்லிவிடுவார். சாதாரண கிடேரியில் சுமார் 13 செ.மீ. இருக்கும், இதில் பாதிதான் இருக்கும். நீங்களே எதையாவது உள்ளே விட்டு அளக்காதீங்க, காயமாகிவிடும். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை உறுதி செய்யும்.

சந்தையில் கிடேரி வாங்குபவர்களும், "இது ஒத்தையா பொறந்ததா, ஜோடியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

சினையிலேயே கண்டுபிடிக்கலாமா?

முடியும். சினை ஊசி போட்டு 30 முதல் 60 நாளுக்குள் ஸ்கேன் செய்தால் இரட்டை தெரிந்துவிடும். நிறைய பால் கறக்கும் எச்.எஃப். மாடுகளில்தான் இது அதிகம். முதல் ஈத்தை விட அடுத்தடுத்த ஈத்துகளில் வாய்ப்பு கூடும். நாட்டு மாடுகளில் ரொம்ப அபூர்வம்.

தெரிந்துவிட்டால் முதல் வேலை, நாள் கணக்கை மாற்றுவது. வழக்கமான சினைக்காலம் சுமார் 280 நாள். இரட்டை என்றால் ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே ஈன்றுவிடும். அதனால் பால் வற்ற வைப்பதையும் இரண்டு வாரம் முன்னதாகத் தொடங்கணும். இல்லையென்றால் மடிக்கு ஓய்வு கிடைக்காது.

கடைசி மாதங்களில் மாட்டுக்குத் தேவை அதிகம், ஆனால் வயிற்றில் இடம் இல்லை. ஒரே நேரத்தில் கொட்டாமல், தீவனத்தை நாளைக்கு நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்க. தாது உப்புக் கலவையின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்க. தீவனத்தில் குறை வைத்தால் ஈன்ற பிறகு கீட்டோசிஸ் வந்து மாடு தின்னாமல் நிற்கும், பாலும் இறங்கிவிடும்.

ஈனும்போது என்ன செய்யணும்?

ரெண்டு கன்றும் ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்க்கும். ஒன்றின் காலும் இன்னொன்றின் காலும் சேர்ந்து தெரியலாம். அதை ஒரே கன்று என்று நினைத்துக் கயிறு கட்டி இழுத்தால் தாயும் போகும், கன்றுகளும் போகும். தமிழ்நாட்டில் 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். முதல் கன்று சின்னதாகப் பிறந்தால், உள்ளே இன்னொன்று இருக்கா என்று பார்க்கச் சொல்லுங்க.

இரட்டைக் கன்று ஈன்ற மாடுகளில் நஞ்சுக்கொடி தங்கிவிடுவது ரொம்ப சகஜம். 12 மணி நேரமாகியும் விழவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடணும். கையை விட்டுப் பிடுங்குவதோ, கல்லைக் கட்டித் தொங்கவிடுவதோ வேண்டாம். மாடு படுத்துவிட்டு எழவில்லை, காது சில்லென்று இருக்கு என்றால் அது பால் காய்ச்சல். கால்சியம் ஏற்ற உடனே ஆள் வேணும்.

கன்றுகள் எடை குறைவாகவே பிறக்கும். பலமானது குடித்துத் தீர்த்துவிடும் என்பதால், சீம்பாலைத் தனித்தனியாக அளந்து, முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துடுங்க. 20 கிலோ கன்றுக்கு சுமார் 2 லிட்டர். தாய்க்கு அடுத்த சினை ஊசி, கருப்பை சுத்தமாகிவிட்டதை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான்.